வீட்டு அடுப்பில் தாய்லாந்துச் சமையல்: தொடங்குவோருக்கு

அயல்நாட்டுப் பாகம் ஒன்றைப் பழக வேண்டுமென்ற ஆசை எழுந்தவுடனே, பெயர் தெரியாத புட்டிகளையும் பொட்டலங்களையும் வாங்கி அடுக்கிவிட்டால் பாதிச் சமையல் முடிந்த மாதிரிதான் என்று எண்ணிக்கொள்வது நம்மில் பலருக்கு இயல்பு. தாய்லாந்துச் சமையல் விஷயத்தில், அதிலும் ஸ்ரீமுஷ்ணம், சிதம்பரம், கடலூர்ப் பிரதேசத்தில் குடியிருப்போர் விஷயத்தில், இந்த எண்ணம் வீண் செலவுக்கே கொண்டுபோய் விடும். அந்த நாட்டு அடுக்களைக்கு வேண்டிய சாமான்களில் பெரும்பகுதி நம் கொல்லையிலும், மளிகைக் கடையிலும், நாட்டு மருந்துக் கடையிலும், கருவாட்டுச் சந்தையிலும் வெகு காலமாகவே கிடைத்து வருகின்றன. நாம் கற்க வேண்டியது வரிசையைத்தான்: எதை முதலில் சட்டியில் இடுவது, எதை அடுப்பை அணைத்த பிறகு சேர்ப்பது, எப்போது நாவில் வைத்துப் பார்ப்பது என்னும் காரியங்களில், தலைமுறை தலைமுறையாக நம் கைக்கு வந்துவிட்ட பழக்கத்தைச் சற்றே மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

1939 வரை சயாம் என்று உலகம் அழைத்துவந்த அந்த நாட்டுக்கும் சோழமண்டலக் கரைக்கும் உள்ள பழக்கம் நேற்று ஏற்பட்டதன்று. அதன் மேற்குக் கரையிலுள்ள தகுவாபாவில் கிடைத்த ஒன்பதாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு, அவனிநாரணம் என்னும் குளத்தையும் மணிக்கிராமத்து வணிகரையும் குறிப்பிடுகிறது. தில்லையோடு பிரிக்க முடியாத தொடர்புடைய மாணிக்கவாசகரின் திருவெம்பாவை, பாங்காக்கு அரசவைப் பிராமணர் மார்கழி, தை மாதங்களை ஒட்டி நடத்தும் திரியம்பவாய்ச் சடங்கில் உருமாறியேனும் இன்றளவும் ஓதப்படுகிறது. காரத்துக்கு ஆதாரமான மிளகாயோ, இரு நாட்டாருக்கும் சொந்தமில்லாதது. அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்த்துகீசியர் கொண்டுவந்து பரப்பியது. நம் பரங்கிப்பேட்டையில் பண்டகசாலை வைத்து வியாபாரம் செய்த அந்தப் போர்த்துகீசியர்தாம் 1511-ஆம் ஆண்டிலேயே அயூத்தியா அரசவைக்கும் தூதனுப்பியவர்கள். ஆகவே, இந்தச் சமையலை முற்றிலும் அந்நியமானது என்று கருதி அஞ்சுவதற்கு நியாயமில்லை.

கொல்லையும் கடையும்

ஸ்ரீமுஷ்ணம் பூவராகப் பெருமாள் சந்நிதியில் கோரைக்கிழங்கு மாவினால் பிடித்த உருண்டையைப் பிரசாதமாகப் பெற்று உண்டவருக்கு, வாசனைக் கிழங்கு ஒன்று மருந்துப் பெட்டியை விட்டு உணவுப் பாத்திரத்துக்கு வருவதில் ஆச்சரியம் இராது. தாய்லாந்துச் சமையலின் தலையாய வாசனையும் அப்படிப்பட்ட ஒரு கிழங்கிலிருந்தே எழுகிறது, அது பேரரத்தை. பார்வைக்கு இஞ்சியைப் போல இருந்தாலும் இஞ்சியின் எரிப்பு அதற்கில்லை. கற்பூரத்தின் சாயலும் எலுமிச்சைத் தோலின் சாயலும் கலந்த ஒரு குளிர்ந்த மணம் உண்டு. நாட்டு மருந்துக் கடையில் வெறுமனே அரத்தை என்று கேட்டால், இருமல் கஷாயத்துக்கு உதவும் சித்தரத்தையையே பெரும்பாலும் எடுத்துக் கொடுப்பார்கள். அது நெருங்கிய இனமே ஆயினும் மருந்து நெடி மிகுந்தது. பேரரத்தை என்றே பெயர் சொல்லிக் கேளுங்கள். உலர்ந்த வில்லையாகக் கிடைத்தால் வெந்நீரில் அரைமணி நேரம் ஊறவைத்து, பச்சைக் கிழங்கில் பாதி அளவே போடுங்கள். பச்சையாகவே எங்கேனும் அகப்பட்டால், முளைக்கணு உள்ள ஒரு துண்டை நறுக்கி எடுத்துக் கொல்லையில் அரைநிழலில் ஊன்றிவிடுவது புத்திசாலித்தனம். இஞ்சியும் மஞ்சளும் வரும் மண்ணில் அதுவும் வரும். அதற்குப் பதில் இஞ்சியைப் போடலாமா என்று கேட்பவருக்கு என் அபிப்பிராயம் இது: மசாலாப் பொருள் நிறைந்த குழம்பில் போடலாம், குற்றமில்லை, தெளிந்த சூப்பில் போடவே கூடாது.

அடுத்தது எலுமிச்சம்புல். அதன் தாளைத் தேநீரில் போட்டுப் பழகியவர் உண்டு. சமையலுக்கு வேண்டியது, வெங்காயத் தண்டு போலப் பருத்து வெளுத்திருக்கும் அடிப்பாகத்தில் நான்கு அங்குலம் மட்டுமே. வேரோடு ஒரு தூர் வாங்கித் தொட்டியில் வைத்தால் ஒரு குடும்பத்துக்குப் போதும், பக்கத்து வீட்டாருக்கும் கொடுக்கலாம்.

மூன்றாவது, மக்ரூட் எலுமிச்சையின் இலை. ஒன்றன் தலையில் ஒன்றாக இரண்டு இலைகளை ஒட்டவைத்தாற்போன்ற வடிவமுடைய இதுவே நமக்கு உண்மையில் அரிய சரக்கு. பெரிய நாற்றுப் பண்ணைகளில் ஒட்டுச் செடியாகக் கிடைக்கிறது. பெருநகரக் கடைகளில் உறைய வைத்த இலை கிடைக்கிறது. இரண்டும் அமையாதபோது, வேப்பிலைக்கட்டி இடிப்பதற்குப் பறிக்கிறோமே, அந்த நார்த்தை இலையின் கொழுந்தையோ எலுமிச்சை இலையின் கொழுந்தையோ நடுநரம்பை உருவிவிட்டு உபயோகிக்கலாம். மணம் சற்று மென்மையாக இருக்குமாதலால், ஐந்து இலை என்று சொன்ன இடத்தில் எட்டு இலை போடுங்கள். எலுமிச்சை இலையை உணவில் சேர்ப்பதைக் கேட்டு முகம் சுளிக்கும் தேசங்கள் பல உண்டு. அதை உப்பும் மிளகாயும் சேர்த்து இடித்து மோர்ச் சாதத்துக்குத் தொட்டுக்கொண்ட நமக்கு அந்தச் சங்கடம் இல்லை.

கீரை, தழை வகையில் நமக்குள்ள பாக்கியம் இன்னும் பெரிது. தாய்லாந்துக் குழம்புகளின் மேல் தூவும் ஹோரபா என்னும் தழை, நம் திருநீற்றுப்பச்சிலையின் இனமே. அதன் விதைதான் சர்பத்தில் ஊறவைக்கும் சப்ஜா. கடையில் வாங்கிய அந்த விதையையே ஒரு சிட்டிகை ஈர மண்ணில் தூவினால் முளைத்துவிடும். கொத்தமல்லிக் கட்டை வேரோடு வாங்கி வேரை அறுத்து எறிகிறோம். அவர்களோ மண் போக அலசி, அந்த வேரைத்தான் பூண்டோடும் மிளகோடும் சேர்த்து அரைக்கிறார்கள். பச்சைக் குழம்பில் மிதக்கும் பட்டாணி போன்ற கசப்புக் காய் நம் சுண்டைக்காயன்றி வேறில்லை. வற்றலாக அல்லாமல் பச்சைக் காயாகவே போடுகிறார்கள். பனைவெல்லமும் அவர்கள் அடுக்களையில் அன்றாடப் பொருள். ஆனால் அவர்களுடையது வெளிறிய நிறமும் மெல்லிய ருசியும் உடையது. நம் கருப்பட்டியின் கருகல் வாசனை முன்னால் வந்து நின்றுவிடும் என்பதால், பாதிக் கருப்பட்டியும் பாதி நாட்டுச் சர்க்கரையுமாகச் சேர்ப்பது உசிதம்.

துளசியைப் பற்றித் தனியே ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அந்நாட்டில் வீதிதோறும் விற்கும் பட் கப்ராவ் என்னும் வறுவல், நறுக்கிய இறைச்சியைப் பூண்டு, மிளகாயோடு கொதிக்கும் எண்ணெயில் புரட்டி, கை நிறையத் துளசி இலையைக் கொட்டிக் கிளறி இறக்குவது. அங்கே கப்ராவ் எனப்படுவதும் இங்கே மாடத்தில் வைத்துப் பூஜிப்பதும் தாவர நூலின்படி ஒரே செடிதான். புத்த சமயத்தைப் பின்பற்றும் அவர்களுக்கு அது ஒரு வாசனைத் தழை. பெருமாள் திருமேனியில் மாலையாகச் சாற்றக் கண்டு வளர்ந்த ஸ்ரீமுஷ்ணத்தாருக்கு அதை இறைச்சியோடு வதக்கக் கை வராது. வராத கையை வற்புறுத்துவானேன்? திருநீற்றுப்பச்சிலையைப் போட்டால் ருசி வேறாகும், ஆனால் கெடாது.

உப்பின் இடத்தில்

தாய்லாந்துச் சமையலில் உப்பு என்பது பெரும்பாலும் கல்லுப்பு அன்று. ‘நாம் பிளா’ என்று அவர்கள் சொல்லும் ஃபிஷ் சாஸ்தான். நெத்திலி இனத்துச் சிறு மீனையும் உப்பையும் தொட்டியில் அடுக்கி, ஓராண்டுக்கு மேல் புளிக்கவிட்டு, வடியும் தெளிந்த செந்நிறத் திரவமே அது. புட்டியைத் திறந்தவுடன் எழும் நெடியைக் கண்டு மிரள வேண்டாம். சூட்டில் அது அடங்கி, இறைச்சியின் சாரம் போன்ற ஓர் ஆழ்ந்த சுவை மட்டும் தங்கும். கடலூர் முதுநகரிலும் பரங்கிப்பேட்டையிலும் கருவாடு காயும் கரையில் வளர்ந்தவருக்கு இதை விளக்கவே தேவையில்லை. புதிதாகக் காசு கொடுத்து வாங்க வேண்டிய பொருள் ஒன்று உண்டென்றால் அது இதுதான். மீன், உப்பு, நீர், கொஞ்சம் சர்க்கரை என்பவற்றுக்கு மேல் புட்டியில் பெயர் நீளுமானால் வேறு புட்டியைப் பாருங்கள். கப்பி என்னும் இறால் விழுது வேண்டிய இடத்தில், நம் சந்தையில் கிடைக்கும் சென்னாக்குன்னியை மணல் போக அலசி உலர்த்தி, வெறுஞ்சட்டியில் வறுத்துப் பொடித்துச் சேர்த்தால் காரியம் ஆகிவிடும்.

மரக்கறி உண்போர் என்ன செய்வது என்ற கேள்வி இவ்வூரில் எழாமல் இராது. அதற்கும் அந்த நாட்டிலேயே விடை இருக்கிறது. சீன வழிவந்த மக்கள் புரட்டாசி, ஐப்பசியை ஒட்டி ஒன்பது நாள் விரதம் இருக்கும்போது உண்ணும் ஜே என்னும் உணவில் மீனும் மாமிசமும் மட்டுமல்ல, பாலும் முட்டையும், பூண்டும் வெங்காயமும்கூட விலக்கு. மடைப்பள்ளி ஆசாரத்துக்கு வெகு அருகில் வந்துவிடும் நியமம். அவர்கள் உப்புக்குப் பயன்படுத்துவது சோயா சாஸ். சோயா சாஸோடு சிறிது உப்பும், காளான் வேகவைத்த நீரும் சேர்த்துக்கொண்டால் குறை தெரியாது. வெறும் உப்பைப் போட்டுவிட்டு ருசி வரவில்லையே என்று ஏங்குவதில் பயனில்லை.

அரிசியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தாய்லாந்து மல்லிகை அரிசி மிருதுவாகவும் சற்றே ஒட்டிக்கொள்வதாகவும் இருக்கும், கிடைத்தால் வாங்குங்கள். கிடைக்காவிட்டால் நல்ல பச்சரிசியை இரண்டு முறை களைந்து, ஒன்றுக்கு ஒன்றரை நீர் வைத்து, கஞ்சி வடிக்காமல் சுருங்க விடுங்கள். பாஸ்மதி உதிரி உதிரியாக நின்று குழம்பை ஏற்காது. சீரகச் சம்பாவுக்குத் தன் வாசனையே பெரிது. பிறர் வாசனைக்கு இடம் கொடாது.

மாற்ற வேண்டிய பழக்கங்கள்

முதலாவது, தேங்காய்ப்பால். தலைப்பாலைக் கடைசியில் ஊற்றி, கொதி வருமுன் இறக்கிவிட வேண்டும், இல்லையேல் திரிந்துவிடும் என்பது நம் வீட்டுப் பெரியவர்களின் விதி. சொதிக்கும் குருமாவுக்கும் அது சரியான விதிதான். தாய்லாந்துக் குழம்பில் விதி தலைகீழாகிறது. தலைப்பாலையே முதலில் சட்டியில் ஊற்றி, நடுத்தரத் தீயில் கிளறிக்கொண்டே காய்ச்சி, அது திரிந்து எண்ணெய் மேலே பிரிந்து நிற்கும்வரை பொறுத்திருந்து, அந்த எண்ணெயிலேயே அரைத்த விழுதை வதக்குகிறார்கள். தாளிப்பு என்ற ஒன்று தனியாக இல்லாமைக்குக் காரணம் இதுவே. கெட்டியாகப் பிழிந்த வீட்டுத் தேங்காய்ப்பால் பத்து நிமிஷத்தில் பிரியும். பெட்டியில் அடைத்து விற்கும் பாலில் பிரியாதிருக்கவென்றே பசை சேர்த்திருப்பார்களாதலால், எவ்வளவு காய்ச்சினாலும் பிரியாது. அப்போது ஒரு மேசைக்கரண்டி தேங்காயெண்ணெயை ஊற்றிச் சமாளித்துக்கொள்ளலாம்.

இரண்டாவது, புளிப்பு. பச்சை வாசனை போகப் புளியைக் கொதிக்க வைப்பது நமக்கு ரத்தத்தில் ஊறியது. அவர்களும் சில குழம்புகளில் புளியைக் கொதிக்க விடுவதுண்டு. ஆனால் சூப்பிலும் கலவையிலும் புளிப்புக்கு எலுமிச்சம்பழமே பிரதானம். அதை அடுப்பில் இருக்கும்போது பிழிந்தால் கசக்கும். இறக்கி, கொதி அடங்கிய பிறகே பிழிய வேண்டும்.

மூன்றாவதுதான் இவ்வூராருக்கு மிகவும் கடினமானது. வைணவ இல்லங்களில் தளிகை பெருமாளுக்குக் கண்டருளப் பண்ணும்வரை அதை நாவில் வைத்துப் பார்ப்பது தோஷம். கை அளவும் கண் அளவும் கொண்டே உப்புப் போட்டு, தவறாமல் இறக்கும் தேர்ச்சி அந்த அடுக்களைகளின் பெருமை. தாய்லாந்துச் சமையலிலோ, ருசி பார்க்காமல் இறக்குவதே தோஷம். உப்பு, புளிப்பு, இனிப்பு, காரம் என்னும் நான்கும் ஒன்றையொன்று தாங்கி நிற்க வேண்டும். எலுமிச்சம்பழத்துக்குப் பழம் சாறு வேறு, மிளகாய்க்கு மிளகாய் காரம் வேறு. ஆதலால் எழுதிவைத்த அளவு ஒரு தொடக்கமேயன்றி முடிவாகாது. கரண்டியில் எடுத்து ஆற்றி, நாவில் வைத்து, குறைந்ததைச் சேர்க்க வேண்டும். உப்பு மிஞ்சினால் புளிப்பையும், புளிப்பு மிஞ்சினால் வெல்லத்தையும் சிறிது கூட்டலாம். காரம் மிஞ்சினால் தேங்காய்ப்பால் ஒன்றே கதி. நிவேதனத்துக்கான பாத்திரங்களையும் இந்தச் சமையலுக்கான சட்டியையும் வெவ்வேறாக வைத்துக்கொண்டால் எந்தச் சங்கடமும் இல்லை.

அரைப்பதற்கு அம்மி இருக்கும் வீட்டில் வேறு கருவி வேண்டாம். உப்பும் உலர்ந்த மசாலாவும் முதலில், பிறகு நாருள்ள புல்லும் கிழங்கும், பிறகு மிளகாய், கடைசியில் நீர்ப்பசையுள்ள வெங்காயமும் பூண்டும் என்று, கடினமானதிலிருந்து மிருதுவானதற்குப் போக வேண்டும். மிக்ஸியில் அரைப்பவர், தண்ணீருக்குப் பதில் இரண்டு கரண்டி தேங்காய்ப்பாலை விட்டு அரைக்கட்டும்; தண்ணீர் விட்ட விழுது வதங்காது, வேகும்.

முதற் குழம்பு

தொடங்குவோர் பலரும் பச்சைக் குழம்பையே முதலில் எடுத்துக்கொண்டு இடறுகிறார்கள். நான் சிபாரிசு செய்வது மசமான் என்னும் குழம்பை. ஏலம், கிராம்பு, பட்டை, ஜாதிக்காய், தனியா, சீரகம் என்று நம் அஞ்சறைப் பெட்டியே அதில் இறங்கியிருக்கிறது. கடல் வழியே வந்த முகம்மதிய வணிகரோடு அது அந்நாட்டில் வேர்கொண்டது என்பது பொதுவான கருத்து. குருமா வைக்கத் தெரிந்த கைக்கு இது முக்கால் பங்கு தெரிந்த வித்தை.

நான்கு பேருக்கு, எட்டு நீட்டு மிளகாய் வற்றலை விதை உதிர்த்து வெந்நீரில் ஊறவையுங்கள். ஒரு மேசைக்கரண்டி தனியா, ஒரு தேக்கரண்டி சீரகம், மூன்று கிராம்பு, மூன்று ஏலக்காய், ஓர் அங்குலப் பட்டை ஆகியவற்றை எண்ணெயில்லாமல் வறுத்துப் பொடித்து, ஜாதிக்காயைச் சிறிது உரசிச் சேருங்கள். எட்டுச் சின்ன வெங்காயத்தையும் எட்டுப் பல் பூண்டையும் தோலோடு சுட்டோ வெறுஞ்சட்டியில் புரட்டியோ உரித்துக்கொள்ளுங்கள். இந்தச் சுட்ட வாசனைதான் மசமானைக் குருமாவிலிருந்து பிரித்துக் காட்டுவது. எலுமிச்சம்புல் இரண்டு தண்டு, பேரரத்தை நான்கு மெல்லிய வில்லை, வறுத்த சென்னாக்குன்னி ஒரு தேக்கரண்டி, அரைத் தேக்கரண்டி உப்பு எல்லாவற்றையும் மேலே சொன்ன வரிசைப்படி மைய அரையுங்கள்.

பெரிய தேங்காய் ஒன்றில் ஒரு தம்ளர் தலைப்பாலும் இரண்டு தம்ளர் இரண்டாம் பாலும் எடுங்கள். தலைப்பாலைக் காய்ச்சி எண்ணெய் பிரிந்ததும் விழுதைப் போட்டு, நிறம் இருண்டு மணம் கூடம் வரையில் வரும்வரை, ஐந்தாறு நிமிஷம் வதக்குங்கள். அரைக்கிலோ கோழித் துண்டைப் போட்டுப் புரட்டி, இரண்டாம் பாலை ஊற்றிக் கால்மணி நேரம் வேகவிட்டு, கால்கிலோ உருளைக்கிழங்கைப் பெரிய துண்டங்களாகச் சேருங்கள். கோழி வேண்டாதவர்கள் பண்ருட்டிப் பக்கத்திலிருந்து வரும் பலாப்பிஞ்சைத் தோல் சீவி, தனியே முக்கால் வேக்காடு வேகவைத்துப் போடலாம். இறைச்சியைவிட அதுதான் இந்தக் குழம்புக்கு மேலானது என்பது என் துணிந்த முடிவு. மரக்கறிக்காரர் சென்னாக்குன்னியை விட்டுவிடட்டும். கிழங்கு வெந்தபின் வறுத்த வேர்க்கடலை ஒரு கைப்பிடி, நெல்லிக்காயளவு புளியின் கெட்டிக் கரைசல், வெல்லம் இரண்டு மேசைக்கரண்டி, ஃபிஷ் சாஸ் இரண்டு மேசைக்கரண்டி சேர்த்துப் பத்து நிமிஷம் சிறுதீயில் வைத்து, ருசி பார்த்து இறக்குங்கள். நாவில் முதலில் இனிப்பும், பிறகு புளிப்பும், கடைசியில் காரமும் தட்டினால் சரியான பக்குவம். வேர்க்கடலைக்குப் பதில் முந்திரி போடுவோர் உண்டு. முந்திரித் தோப்பு நிறைந்த நம் தாலுக்காக்களில் அதற்குத் தடை சொல்வார் யார்? வேர்க்கடலையும் இறாலும் ஒவ்வாதவர் விருந்துக்கு வருவாரா என்பதை மட்டும் முன்கூட்டியே விசாரித்துவிடுங்கள்.

டாம் யாம்

இறால் போட்ட டாம் யாம் குங் என்னும் சூப்பை 2024-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ மானுடப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. இவ்வளவு கௌரவம் பெற்ற பதார்த்தம் அரைமணி நேரத்தில் ஆகிவிடக் கூடியது. கிள்ளை, பரங்கிப்பேட்டைக் கரையிலிருந்து வரும் இறால் கால்கிலோ வாங்கி, தலையையும் ஓட்டையும் எறியாமல் ஒரு கரண்டி எண்ணெயில் சிவக்க வதக்கி, நான்கு தம்ளர் நீர் ஊற்றிப் பத்து நிமிஷம் கொதிக்கவைத்து வடிகட்டுங்கள். இந்தச் சாறுதான் சூப்பின் உயிர். அதில் மூன்று தண்டு எலுமிச்சம்புல்லை நசுக்கி இரண்டங்குலத் துண்டுகளாகவும், பேரரத்தை ஆறு வில்லையும், கிழித்த மக்ரூட் எலுமிச்சை இலை ஐந்தும் போட்டு ஐந்து நிமிஷம் கொதிக்க விடுங்கள். சிப்பிக் காளானோ பால் காளானோ நூறு கிராம், நசுக்கிய காந்தாரி மிளகாய் ஐந்து, ஃபிஷ் சாஸ் இரண்டரை மேசைக்கரண்டி சேர்த்து, காளான் வெந்ததும் இறாலைப் போடுங்கள். இறால் சிவந்து சுருண்ட மாத்திரத்தில், இரண்டு நிமிஷத்துக்குள், அடுப்பை அணைத்துவிட வேண்டும். அதற்குமேல் விட்டால் ரப்பராகிவிடும். கொதி அடங்கியபின் எலுமிச்சம்பழச் சாறு மூன்று மேசைக்கரண்டி பிழிந்து, கொத்தமல்லித் தழையைத் தூவி, ருசி பாருங்கள். புல்லும் கிழங்கும் இலையும் மணத்துக்கே. உண்ணும்போது ஒதுக்கிவிட வேண்டும் என்று விருந்தினருக்கு முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

இந்த சூப்புக்கென்று புட்டியில் விற்கும் விழுதைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். குழம்பு விழுதுகளில் சில பரவாயில்லை. ஐம்பது கிராம் விழுதுக்கு இரண்டு தம்ளர் தேங்காய்ப்பால் என்ற கணக்கில் அவசரத்துக்கு உதவும். டாம் யாம் விழுது வேண்டாம். பச்சைத் தழையின் மணமே முழுச் சாரமான ஒரு பதார்த்தத்தைப் புட்டியில் அடைத்துவைக்க முடியாது.

அடுப்பில்லாத ஒன்றும் பழகிக்கொள்ளலாம். சோம் தாம் என்னும் பப்பாளிக்காய்க் கலவைக்கு உரலும் உலக்கையும் போதும். இரண்டு பல் பூண்டு, மூன்று மிளகாய் நசுக்கி, ஒரு மேசைக்கரண்டி வெல்லத்தைக் கரைத்து, காராமணிக்காய்த் துண்டும் தக்காளியும் போட்டு இலேசாக இடித்து, எலுமிச்சம்பழச் சாறு இரண்டு, ஃபிஷ் சாஸ் ஒன்றரை மேசைக்கரண்டி ஊற்றி, துருவிய பப்பாளிக்காய் முந்நூறு கிராமையும் வறுத்த வேர்க்கடலையையும் சேர்த்து, ஒரு கையால் இடித்து மறு கையால் கரண்டிகொண்டு புரட்ட வேண்டும். நசுங்கக் கூடாது, சாறு ஏறினால் போதும். கருவுற்ற பெண்களுக்குப் பப்பாளிக்காய் கொடுப்பது நம் வழக்கத்தில் இல்லை. அவர்களுக்கு வெள்ளரிக்காயை வைத்தே செய்யலாம், அந்நாட்டிலும் அப்படிச் செய்வதுண்டு.

பரிமாறும் முறையிலும் ஒரு வித்தியாசம் உண்டு. சாம்பார், ரசம், மோர் என்று இலையில் ஒன்றன்பின் ஒன்றாக வரும் கிரமம் அங்கே இல்லை. சோறு நடுவே இருக்க, குழம்பும் சூப்பும் கலவையும் ஒரே சமயத்தில் பொதுவாக வைக்கப்பட்டு, அவரவர் ஒவ்வொன்றிலும் சிறிது சிறிதாக எடுத்துக்கொள்கிறார்கள். ஆகையால், ஒரு வேளைக்கு எல்லாமே காரமாகவோ எல்லாமே தேங்காய்ப்பாலாகவோ அமையாமல், மசமான் ஒன்று, டாம் யாம் ஒன்று, சோற்றோடு நறுக்கிய வெள்ளரி என்று ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

இவ்விரண்டும் கைவந்தபின் பச்சைக் குழம்புக்குப் போகலாம். வற்றலுக்குப் பதில் பச்சை மிளகாயும், கொத்தமல்லி வேரும், எலுமிச்சைத் தோல் துருவலும் அரைத்து, மற்றக் கிரமம் மசமானைப் போலவே செய்து, பிஞ்சுக் கத்தரியும் பச்சைச் சுண்டைக்காயும் போட வேண்டும். புளியும் ஏலம் முதலிய மசாலாவும் அதில் இல்லை, தனியா, சீரகம் மட்டும் உண்டு. அரைத்த விழுது குளிர்ப்பெட்டியில் ஒரு வாரம் தாங்கும். உறைபெட்டியில் வைத்தால் இரண்டு மூன்று மாதம் கெடாது. மசமான் மறுநாள் இன்னும் சுவைக்கும். டாம் யாமை மட்டும் வைத்திருந்து சுடவைக்காதீர்கள். வேண்டிய அளவே செய்து, சூடு ஆறுமுன் குடித்துத் தீர்த்துவிடுங்கள்.